மோட்டார் ரூம் சுவரில் இருந்த கணக்கு

வேதாரண்யம் பக்கம் ஒரு சின்ன ஊராட்சியில் நான் செயலர். ஊரில் எல்லாருக்கும் கிளார்க்கம்மா. கஜா அடித்தபோதும் இதே ஊர், இதே மேசைதான். அந்தப் புயலைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், தென்னை போனது, படகு போனது, மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தது எல்லாம். நான் எழுத வந்தது கணக்கைப் பற்றி. புயல் வருகிறது என்றால் மீட்புப் படையும் முகாமும்தான் கண்ணுக்குத் தெரியும், வீட்டு வரிப் பதிவேடும் செலவுச் சீட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. எனக்கும் அன்றைக்கு வரவில்லை. அதற்கு என் ஊர்க்காரர்கள் சிலர் கொடுத்த விலை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். ஊராட்சியில் வேலை பார்ப்பவர்கள், புதிதாகத் தலைவரானவர்கள், கிராம சபைக்குப் போகிறவர்கள் படித்தால் நல்லது.

முதலில் அன்றைய நிலைமை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் தள்ளிக்கொண்டே போய், எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பர் கடைசியில்தான் நடந்தது. நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, தனி அலுவலர்தான். ஒரே அதிகாரி பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டும். தேர்தல் நடக்காததால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றுபோயிருந்தது. எங்கள் பொது நிதியில் இருந்தது தெருவிளக்கு பல்பு வாங்கவும் தூய்மைப் பணிக்கும் சரியாகப் போகும். இந்த நிலையில்தான் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா எங்கள் கரையில் ஏறியது.

விடிந்து பார்த்தால் ஊராட்சி அலுவலகத்துக் கூரையில் பாதி இல்லை. பீரோ சாய்ந்து கிடந்தது. உள்ளே இருந்த பதிவேடுகள் எல்லாம் ஊறிப்போய், ரொக்கப் பதிவேட்டில் மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் முழுக்க மைக் வைத்து ஊரைச் சுற்றியிருக்கிறேன், கூரை வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன், ஆனால் பதிவேடுகளை ஒரு பிளாஸ்டிக் சாக்கில் போட்டுக் கட்டி அந்தப் பள்ளிக்கூட மாடியில் வைக்கலாம் என்று தோன்றவே இல்லை. பத்து நிமிஷ வேலை. இப்போது ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறக்கும்போதே மூடி போட்ட நீலப் பீப்பாய் ஒன்று தயாராக இருக்கும். சிவப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் அது மாடிக்குப் போகும்.

நனைந்த பதிவேட்டை விட, நனைவதற்கு முன்பே ஓட்டையாக இருந்த பதிவேடுதான் பெரிய துன்பம். வீட்டு வரிக் கேட்புப் பதிவேட்டைச் சொல்கிறேன். வரி வசூலுக்கான நோட்டு என்றுதான் நாங்கள் எல்லாரும் அதைப் பார்ப்போம். எங்கள் ஊரில் கடைசியாக வீடு வீடாகப் போய் எழுதி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகிப் பிரிந்து பக்கத்திலேயே குடிசை போட்டவர்கள், புறம்போக்கில் இருப்பவர்கள், கோயில் நிலத்தில் இருப்பவர்கள், யாருக்கும் எண் கிடையாது. புயலுக்கு மறுவாரம் நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் கேட்டது மூன்று: ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், வீடு இருந்ததற்கு ஆதாரம். குடிசை இருந்த இடத்தில் நாலு கம்பும் சேறும்தான் கிடந்தன. ஒரு வீட்டில் இரண்டு குடும்பம், ஒரே கார்டு என்றால் ஒரு பெயர்தான் ஏறும். ஒரு அம்மா, அறுபது வயசுக்கு மேல், என்னிடம் வந்து "கிளார்க்கம்மா, நான் இருந்தது உனக்குத் தெரியாதா, நீ எழுதிக் குடு" என்றார். தெரியும். தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போவேன். ஆனால் நான் எழுதிக் கொடுக்கப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. தெரிந்ததை வைத்து ஒருவருக்கு எழுதினால் அடுத்த தெருவில் தெரியாத பத்துப் பேருக்கும் எழுதச் சொல்வார்கள், அப்போது எது உண்மை என்று காட்ட எனக்கு வழி இல்லை. அவர் பெயர் முதல் பட்டியலில் வரவில்லை. பிறகு மனு போட்டு, விசாரணை வந்து, கிடைக்க ஏழு மாதம் ஆனது.

தென்னைக்கும் அதே கதைதான். விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100 என்று அரசு அறிவித்தது. விழுந்த மரத்தை எண்ணலாம் சரி, யார் மரம் என்பதை அடங்கல்தானே, அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற பதிவேடுதானே, சொல்ல வேண்டும்? குத்தகைக்காரர் பெயர் அதில் இருக்காது, அப்பா இறந்து பத்து வருடமாகியும் பட்டா மாறியிருக்காது. பதிவேட்டைச் சரியாக வைப்பது அலுவலகத்து வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, புயல் வந்து அதைச் சோற்று விஷயமாக்கிவிட்டது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் ஊர் முழுக்க மின்சாரம் வர 24 நாள். மேல்நிலைத் தொட்டியில் இருந்த தண்ணீர் முதல் நாளே தீர்ந்தது. ஜெனரேட்டர் வேண்டும். புயலுக்கு முன் திருவிழாவுக்கு நாளைக்கு 3,000 ரூபாய்க்கு விட்டவர் அன்றைக்கு 9,000 கேட்டார், அதுவும் கையில் ரொக்கமாக. பொது நிதியைத் தொட தனி அலுவலர் கையெழுத்து வேண்டும். அவரோ எங்கே எந்த ரோட்டில் மரம் அறுக்கிறார்களோ அங்கே நிற்கிறார், செல்போன் டவரும் இல்லை. மின்கட்டணத்துக்கு என்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, அதில் பணமும் இருந்தது. ஆனால் அதிலிருந்து டீசல் போட முடியாது, அது மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுவதற்கு மட்டும். நாலு நாள் ஊர் பெண்கள் குளத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சினார்கள். ஐந்தாம் நாள் வெளியூரிலிருந்து ஒருவர் 3,500 ரூபாய் வாடகைக்குத் தர ஒப்புக்கொண்டார். தனி அலுவலர் நேரில் வந்தபோது "போடுங்கம்மா, பார்த்துக்கலாம்" என்றார். அந்த வார்த்தையை நம்பி 11 நாள் ஓட்டினோம். வாடகை 38,500. டீசல் 198 லிட்டர், ஏறக்குறைய 15,000. பங்க்கில் கடன். எங்கள் டேங்க் ஆபரேட்டர் அண்ணன் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டரை மணி நேரம் என்று ஓட்டினார்.

அந்தப் பதினொரு நாளும் நான் ஒரு செலவுச் சீட்டு எழுதவில்லை. நியாயமான காரணம் இருந்தது என்று அப்போது நினைத்தேன். ஒரு பக்கம் நிவாரண லாரிகள், ஒரு பக்கம் கணக்கெடுப்பு, ஒரு பக்கம் என் வீட்டிலேயே ஓடு இல்லை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டதை மார்ச் மாதம் நினைவிலிருந்து எழுதினேன். ஒரே பில், ஒரே தேதி, 11 நாள் மொத்தமாக. யார் கேட்டாலும் அது பொய்யாகத்தான் தெரியும்.

ஒரே ஒரு வேலை மட்டும் ஒழுங்காகச் செய்தேன், அதுவும் ஒரு கல்லூரிப் பையன் சொல்லித்தான். லாரி லாரியாகப் பொருள் வந்தது, கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும், முகம் தெரியாத மனிதர்கள். மெயின் ரோட்டுத் தெருவுக்கே எல்லாம் இறங்கியது, உள்ளே இருந்த காலனிக்கு ஒன்றும் போகவில்லை. "அக்கா, ஒரு நோட்டுல எழுதுவோம், எந்தத் தெருவுக்கு எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த லாரிய எங்க அனுப்புறதுன்னு தெரியும்" என்றான் அந்தத் தம்பி. ஸ்கூல் நோட்டு ஒன்றில் லாரி எண், தேதி, என்ன பொருள், எந்தத் தெரு, வாங்கியவர் கையெழுத்து அல்லது ரேகை என்று எழுத ஆரம்பித்தோம். இரண்டே நாளில் காலனிப் பக்கம் காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டது. மூன்றாம் நாளிலிருந்து லாரிகள் நேராக அங்கே போயின. கணக்கு என்றால் பின்னால் யாரோ வந்து கேட்பதற்காக எழுதுவது என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன். இந்த நோட்டு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே சொன்னது.

சரி, தணிக்கை. 2020 தொடக்கத்தில் 2018-19 கணக்கைப் பார்க்க வந்தார்கள். ஜெனரேட்டர் வாடகைக்கும் டீசலுக்கும் சேர்த்து 53,000 சொச்சத்துக்குத் தடை எழுதினார்கள், அதாவது இந்தச் செலவை ஏற்க முடியாது என்று. விலைப்புள்ளி (கொட்டேஷன்) இல்லை, எழுத்தில் அனுமதி இல்லை, ஓடிய நேரத்துக்குப் பதிவு இல்லை, செலவுக்குப் பிறகு வாங்கும் ஒப்புதலான பின்னேற்பும் இல்லை. பொறுப்பானவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று குறிப்பு. அந்தத் தனி அலுவலர் மாறுதலாகிப் போய் வெகு நாளாகியிருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஊருக்குத் தண்ணீர் கொடுத்ததற்கு எனக்குத் திருட்டுப் பட்டமா என்று அழுதேன். இன்று யோசித்தால் அவர்கள் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. பேரிடர் நேரத்துப் பொய்க் கணக்கு எவ்வளவு எளிது என்பது அவர்களுக்குத் தெரியும், என்னுடைய சீட்டுக்கும் அந்தப் பொய்ச் சீட்டுக்கும் பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

வந்தவர்களில் வயதான தணிக்கையர் ஒருவர் இருந்தார். "ஏம்மா, ஓடுச்சுன்னு சொல்றியே, எங்க ஓடுச்சு, காட்டு" என்றார். மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போனேன். ஆபரேட்டர் அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, உள்பக்கச் சுவரைக் காட்டினார். கரித்துண்டால் வரிசையாக எழுதியிருந்தது. தேதி, ஆரம்பித்த மணி, நிறுத்திய மணி, ஊற்றிய டீசல் எத்தனை லிட்டர். பதினொரு நாளும். ஜன்னல் இல்லாத அறை, மழை படாத சுவர், ஒரு எழுத்தும் அழியவில்லை. "நான் டீசலத் திருடிட்டேன்னு யாரும் சொல்லக்கூடாதுல்ல சார், அதான் எழுதி வச்சேன்" என்றார் அண்ணன். அது இருப்பது எனக்கே தெரியாது! தணிக்கையர் போட்டோ எடுக்கச் சொன்னார், பங்க்கில் கடன் பேரேட்டின் நகல் வாங்கச் சொன்னார், தண்ணீர் பிடித்த தெருவில் ஐந்து பெண்களிடம் எழுத்தில் வாங்கச் சொன்னார். சுவரில் கூட்டினால் 198 லிட்டர். பங்க் பேரேட்டிலும் 198. பதில் எழுதினோம், பின்னேற்புத் தீர்மானம் போட்டோம், தடை நீங்கியது.

போகும்போது அவர் எனக்குச் சொன்னதுதான் இந்தப் பகிர்வின் பாதி. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 இல் பிரிவு 50 என்று ஒன்று இருக்கிறது. மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உடனே பொருள் வாங்க வேண்டியிருந்தால், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம், அதாவது கலெக்டர் தலைமையில் இருப்பது, டெண்டர் இல்லாமல் வாங்க அனுமதி கொடுக்கலாம். அதற்கென்று அதிகாரம் பெற்ற அதிகாரி கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றே கணக்குக்குச் செல்லுபடியாகும் சீட்டு. ஆக அவசரத்தில் விதியை மீறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, அவசரத்துக்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஆனால் அந்த அனுமதி எழுத்தில் வேண்டும். "போடுங்கம்மா" என்பது அனுமதி ஆகாது. அதே சட்டத்தில் பிரிவு 53, நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடினால் இரண்டு வருடம் வரை சிறை. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். டவர் இல்லாத நாளில் எழுத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். ஒரு வெள்ளைத் தாளில் அந்த அதிகாரி வரும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கு, இரண்டு ஊர்க்காரர் சாட்சிக் கையெழுத்து போடட்டும், நெட் வந்த அன்றே அதை மேலே அனுப்பு, ஒரு வாரத்துக்குள் பின்னேற்பு கேள் என்றார்.

அந்த வருடம் ஜனவரியில் புதுத் தலைவர் பதவியேற்றிருந்தார். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆடி, ஆவணியிலேயே வேலையை ஆரம்பித்தோம், கொரோனா நேரம் வேறு. முதலில் வீட்டு வரிப் பதிவேடு. மாஸ்க் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், கூரை வீடா, ஓடா, மாடியா, எத்தனை அடுப்பு எரிகிறது என்று எழுதினோம். அடுப்பைக் கேட்டால்தான் குடும்பம் தெரியும், கார்டைக் கேட்டால் தெரியாது. ஒவ்வொரு கூரை வீட்டுக்கும் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ. கிராம செவிலியரிடமும் அங்கன்வாடி டீச்சரிடமும் கேட்டு, நிறைமாதக் கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் பட்டியலைப் பின்பக்கத்தில் சேர்த்தோம்.

அப்புறம் விலை. செப்டம்பரில், வானம் தெளிவாக இருக்கும்போதே, ஜெனரேட்டர், ஜேசிபி, மரம் அறுக்கும் மெஷின், டிராக்டர் நாலுக்கும் மூன்று மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கினோம். புயல் காலத்தில் இந்த விலைக்குத் தருகிறேன் என்று எழுத்தில். ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். மற்ற ஊராட்சிகளுக்குச் சொல்வேன், நூறு பயிற்சி முகாமை விட இந்த ஒரு தாள் உதவும். புயலுக்கு மறுநாள் 9,000 கேட்பவரிடம் பேரம் பேச உங்களுக்குத் தெம்பு இருக்காது.

பணம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் அந்த வருடம் 50 சதவீதம், அடுத்த வருடத்திலிருந்து 60 சதவீதம், குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது, அதை மரம் அறுக்க எடுக்க முடியாது. அதனால் பொது நிதியில் ஒரு தொகையை மழைக்காலம் முடியும்வரை தொடாமல் வைப்பது என்று தலைவரும் உறுப்பினர்களும் ஒப்புக்கொண்டார்கள். அதற்காக ஒரு தெருவின் சிமெண்ட் சாலை தள்ளிப்போனது, சண்டையும் வந்தது. மேலே மாநில அளவில் 2021 முதல் ஐந்து வருடத்துக்குப் பேரிடர் நிதியில் 20 சதவீதம் ஆபத்தைத் தணிக்கும் வேலைக்கும், 10 சதவீதம் தயார்நிலைக்கும் திறன் வளர்ப்புக்கும் என்று பிரித்தார்கள். அதில் கிராமத்துக்கு என்ன வரும் என்று காத்திருக்காமல், ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் வடிகால், பள்ளிக்கூடக் கூரை, தொட்டிக்கு ஜெனரேட்டர் என்று பெயர் போட்டு எழுதிவைக்க வேண்டும். எழுதாத தேவைக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

2020 நவம்பர் 25 இரவு நிவர். எங்களுக்கு வடக்கே புதுச்சேரிப் பக்கம் கரையேறியது, காற்று பெரிதாக இல்லை. ஆனாலும் பட்டியலை வைத்து ஆட்களை மாற்றினோம், பீப்பாய் மாடிக்குப் போனது. ஒரு வாரத்தில் புரெவி, மழையாகவே கொட்டித் தீர்த்தது. வாய்க்கால் வெட்ட ஜேசிபி வந்தது, தீர்மானத்தில் இருந்த விலைக்கே. மின்சாரம் நின்ற இரண்டு நாள் ஜெனரேட்டர் ஓடியது. ஓடிய நேரத்தை எழுத ஒரு நோட்டு, ஆபரேட்டர் அண்ணன் ஒரு கையெழுத்து, தண்ணீர் பிடிக்க வந்த ஒரு பெண் ஒரு கையெழுத்து. இரவு எட்டு மணிக்கு நான் உட்கார்ந்து அன்றைய சீட்டை அன்றே எழுதிவிடுவேன். தூக்கம் கண்ணைச் சுற்றினாலும் இருபது நிமிஷம்தான் ஆகும். அந்தச் செலவுக்குத் தணிக்கையில் ஒரு தடையும் விழவில்லை. அடுத்து நடந்த கிராம சபையில் நானே வரி வரியாக வாசித்தேன். ஒரு பெரியவர் எழுந்து டீசல் லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டார், பில்லைக் காட்டினேன். அவர் கேட்டது எனக்கு சந்தோஷமாக இருந்தது.

தணிக்கைத் துறையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. செலவழித்ததை மட்டும் கேட்காதீர்கள், தயாராக இருந்தோமா என்றும் கேளுங்கள். பெரிய அளவில் அது நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் கொடுத்த அறிக்கை, கஜாவுக்குச் சில மாதம் முன்னால், 2018 ஜூலையில் சட்டசபையில் வைக்கப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டிஎம்சி, அதுவரை தேக்காமலே விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைக் கணக்கோடு காட்டி, இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று எழுதினார்கள். தணிக்கை என்றால் பில் சரிபார்ப்பது என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய திறப்பு. அதே கேள்வியை ஒவ்வொரு ஊராட்சியிலும் செப்டம்பரில் ஒருவர் வந்து கேட்கட்டும். பதிவேடு புதுப்பித்தாயா, விலை பேசினாயா, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று. இரண்டு வருடம் கழித்து வரும் தடையை விட, மழைக்கு முன் வரும் ஒரு கேள்வி பல வீடுகளைக் காப்பாற்றும்.

கோயில் நிலத்தில் இருக்கும் 17 குடிசைகளுக்கு மட்டும் இன்னும் வரி எண் போட முடியவில்லை. நிலம் யாருடையது என்ற வழக்கு முடியவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லாததால், அவர்களை மட்டும் தனி நோட்டில் எழுதுகிறேன், குடும்பத் தலைவி பெயர், ஆட்கள், அடுப்பு, வாசலில் நின்ற போட்டோ. ஒவ்வொரு அக்டோபர் 2 கிராம சபையிலும் அதை வாசித்து, வந்திருக்கும் அதிகாரியிடமும், 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும்வரை தலைவரிடமும், கையெழுத்து கேட்பேன். தலைவர் போட்டார். அதிகாரி சில வருடம் போடுவார், சில வருடம் போடமாட்டார். இந்த வருட நோட்டையும் எழுதி முடித்துப் பீப்பாயில் வைத்துவிட்டேன்.